செல் சவ்வைத் தாண்டி எது, எப்படிப் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அம்மாப்பேட்டையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். செல் சவ்வுப் பாடம் வந்தால் ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோர், நர்சிங் படிக்கும் பழைய மாணவிகள், ஆத்தூர்ப் பக்கம் கிழங்கு போட்டிருப்பவர்கள் எனப் பலரும் கேட்டவை இதில் சேர்ந்திருக்கின்றன. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னது தேவைப்படும்.

செல் சவ்வுல ஓட்டை இருக்கா இல்லையா மிஸ்?

சல்லடையில் இருப்பதுபோல் வெறும் ஓட்டை கிடையாது. சவ்வின் பெரும்பகுதி பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு மூலக்கூறுகள். ஒவ்வொன்றிலும் தண்ணீரோடு ஒட்டும் ஒரு தலை, தண்ணீரை ஒதுக்கும் இரண்டு வால். தண்ணீருக்குள் இவை தாமாகவே இரண்டு அடுக்காக அமைந்துகொள்ளும்: தலைகள் இரு பக்கமும் தண்ணீரைப் பார்த்து, வால்கள் நடுவில் ஒளிந்து. மொத்தத் தடிமன் ஏறத்தாழ 7 அல்லது 8 நானோமீட்டர். சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர் மேல் பரப்பி, அது செல்லின் பரப்பைப்போல இரண்டு மடங்கு வருகிறது என்று 1925-இல் கோர்ட்டரும் கிரெண்டலும் காட்டினார்கள். இரட்டை அடுக்கு என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது.

இந்தக் கொழுப்புக்குள் புரதங்கள் பதிந்து மிதக்கின்றன. 1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் சொன்ன மாதிரி அமைப்பு இதுதான். சில புரதங்கள் கால்வாயாக, சில கடத்தியாக, சில பம்ப்பாக வேலை செய்யும். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஒரு பொருளுக்கோ, அதை ஒத்த சில பொருள்களுக்கோதான் வழிவிடும்.

எது சும்மா போகும், எது போகாது? லிஸ்ட் மாதிரி கொடுங்க, மனப்பாடம் பண்ணிக்கிறேன்.

லிஸ்ட் வேண்டாம். சவ்வின் நடுப்பகுதி எண்ணெய் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள், மற்றது தானாக வரும். ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு, நைட்ரஜன் எல்லாம் சின்னவை, மின்சுமை இல்லாதவை, எண்ணெயில் கரையும். நேரே போய்விடும். சாராயத்தில் இருக்கும் எத்தனாலும் அப்படியே. ஸ்டீராய்டு ஹார்மோன்கள் கொஞ்சம் பெரியவை, ஆனால் கொழுப்பில் கரைபவை என்பதால் அவையும் நுழைந்துவிடும்.

சோடியம் அயனி குளுக்கோஸைவிட எவ்வளவோ சின்னது. ஆனாலும் போகாது. மின்சுமை இருப்பதால் தண்ணீர் மூலக்கூறுகள் அதை மொய்த்துக்கொண்டு நிற்கும், அவற்றை உதறிவிட்டு எண்ணெய்க்குள் இறங்க அதனால் முடியாது. ஆகவே 'சின்னது போகும், பெருசு போகாது' என்று எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

போகுது போகுதுன்னு சொல்றீங்களே, அதை யார் தள்ளறாங்க?

யாரும் தள்ளவில்லை. மூலக்கூறுகள் வெப்பத்தால் எந்நேரமும் திசையில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒரு பக்கம் நிறைய, மறுபக்கம் கொஞ்சம் இருந்தால், நிறைய இருக்கும் பக்கத்திலிருந்து கிளம்பி வருபவை அதிகமாக இருக்கும். மொத்தக் கணக்கில் செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு நகர்ந்ததாகத் தெரியும். இதுதான் விரவல் (டிஃப்யூஷன்). இரண்டு பக்கமும் சமமான பிறகும் ஓட்டம் நிற்காது. போவதும் வருவதும் ஒன்றாகிவிடும், அவ்வளவுதான்.

நான் வகுப்பில் ஏற்காடு மலைப்பாதையைச் சொல்வேன். மேலிருந்து சேலத்துக்கு இறங்கும்போது வண்டி தானாக உருளும். கீழிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏற பெட்ரோல் வேண்டும். எந்தப் பொருளைப் பற்றிக் கேட்டாலும் முதலில் இரண்டு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: அதற்கு இது இறக்கமா, ஏற்றமா? ஏற்றமென்றால் செலவு யாருடையது? இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக்கு மேற்பட்ட சந்தேகங்கள் இந்த இரண்டிலேயே தீர்ந்துவிடும். அயனிகளுக்கு மட்டும் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். செல்லின் உட்பக்கம் வெளியைவிட எதிர் மின்னாக இருப்பதால், செறிவோடு சேர்த்து மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தையும் பார்க்க வேண்டும்.

அப்போ டிஃப்யூஷன் வேற, ஆஸ்மாஸிஸ் வேறயா?

அடிப்படை ஒன்றே. சிலவற்றை மட்டும் விடும் தேர்வு கடத்து சவ்வைத் தாண்டித் தண்ணீர் நகர்ந்தால் அதைச் சவ்வூடு பரவல் என்கிறோம். கரைபொருள் குறைவாக இருக்கும் பக்கத்திலிருந்து கூடுதலாக இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் போகும். சவ்வு இல்லையென்றால் அந்தப் பேச்சே இல்லை.

ஹைப்பர்டானிக், ஹைப்போடானிக் ரெண்டையும் ஒவ்வொரு பரீட்சையிலும் மாத்தி எழுதிடறேன்.

'இந்தக் கரைசல் ஹைப்பர்டானிக்' என்று நிறுத்துவதால் வரும் குழப்பம் இது. எதை ஒப்பிட்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். செல்லைவிட வெளியே கரைபொருள் அதிகம் என்றால் வெளிக்கரைசல் ஹைப்பர்டானிக், செல் தண்ணீரை இழந்து சுருங்கும். வெளியே குறைவு என்றால் ஹைப்போடானிக், செல் உப்பும். சிவப்பணுவை வெறும் காய்ச்சி வடித்த நீரில் போட்டால் உப்பி வெடித்துவிடும்.

ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்தும்போது வெறும் சுத்தமான தண்ணியை ஏத்தினா என்ன ஆகும் மிஸ்?

மேலே சொன்ன வெடிப்பு ரத்தக்குழாய்க்குள்ளேயே நடக்கும். அதனால்தான் லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள 0.9 சதவீத சலைன். சிவப்பணுவுக்கு அது ஏறத்தாழச் சமம், உப்பவும் விடாது, சுருங்கவும் விடாது.

நர்சிங் பிள்ளைகள் அடுத்துக் கேட்பது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ். பாட்டிலில் இருக்கும்போது அதுவும் ரத்தத்தின் செறிவுக்குக் கிட்டத்தட்டச் சமம்தான். ஆனால் உள்ளே போனதும் செல்கள் குளுக்கோஸை எடுத்துச் செலவழித்துவிடும். மிஞ்சுவது தண்ணீர். ஏற்றும்போது அணுக்கள் வெடிக்காது என்றாலும், கடைசியில் உடம்புக்குள் சேர்வது உப்பில்லாத தண்ணீர்தான். சலைனையும் டெக்ஸ்ட்ரோஸையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் போட முடியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எங்க வீட்டு போர் தண்ணி உப்பு, ஆர்ஓ போட்டிருக்கோம். அதுலயும் இதுதான் நடக்குதா?

தலைகீழாக நடக்கிறது. தானாக விட்டால் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் பக்கம் போகும். மோட்டார் அழுத்தம் கொடுத்து, உப்புத் தண்ணீரின் பக்கத்திலிருந்து தண்ணீரை மட்டும் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. தண்ணீருக்கு அது ஏற்றம், செலவு உங்கள் கரண்ட் பில்லில். உப்பு முழுக்க ஒரு பக்கம் தங்கிவிடுவதால்தான் கழிவுக் குழாயில் அவ்வளவு தண்ணீர் போகிறது.

மாங்காய்ல உப்பு போட்டா தண்ணி விடுது, அது ஆஸ்மாஸிஸ், சரி. ஆனா உப்பு உள்ளே போகாதுன்னீங்களே, அப்புறம் ஊறுகாய் எப்படி உள்ளே வரைக்கும் உப்பா இருக்கு?

இதைக் கேட்ட பெண்ணுக்கு அன்றைக்கே ஒரு சபாஷ் சொன்னேன். பாடத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்குத்தான் இந்த முரண் தெரியும்.

சேலத்து மாங்காயை நறுக்கிக் கல் உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால் முதலில் நடப்பது சவ்வூடு பரவல். வெளியே உப்பு மிக அதிகம், செல்லுக்குள்ளிருந்து தண்ணீர் வெளியேறுகிறது. தாவர செல்லுக்குச் சவ்வைச் சுற்றி விறைப்பான செல் சுவர் உண்டு. தண்ணீர் குறையக் குறையச் சவ்வு சுவரிலிருந்து விலகி உள்ளே சுருங்கும். இதற்குப் பெயர் பிளாஸ்மா சிதைவு. செய்முறைத் தேர்வில் ரியோ இலையின் ஊதாத் தோலை உரித்து உப்புக் கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கிறீர்களே, அதே காட்சி. சுவருக்கும் சுருங்கிய சவ்வுக்கும் நடுவில் என்ன இருக்கும் என்று கேட்டால், வெளியே ஊற்றிய அந்த உப்புக் கரைசல்தான். காற்று என்று எழுதாதீர்கள். செல் சுவர் உப்பைத் தடுக்காது, தடுப்பது சவ்வு.

இதுவரை செல் உயிரோடு இருக்கிறது. உடனே நல்ல தண்ணீரில் போட்டால் பழைய நிலைக்கு வரும். ஜாடியில் யாரும் அப்படிப் போடுவதில்லை. மணிக்கணக்கில் உப்பில் கிடந்து செல்கள் சாகின்றன, சவ்வுகள் கிழிகின்றன. செத்த செல்லில் தேர்ந்தெடுத்துக் கடத்துவது என்பது போய்விடும். அதன்பின் உப்பு வெறும் விரவலால் மெல்ல உள்ளே இறங்கும். அதனால்தான் தண்ணீர் மறுநாளே நிறைய விட்டுவிடுகிறது, துண்டின் நடுவரை உப்புப் பிடிக்க நாளாகிறது. வேகவைத்த இலையில் பிளாஸ்மா சிதைவைப் பார்க்க முடியாததற்கும் காரணம் இதுவே.

ஜவ்வரிசி ஊறி பெருசாகுதே, அது ஆஸ்மாஸிஸ்தானே? எங்க ஊர் பேரைச் சொல்லி ஒரு உதாரணம் எழுதலாம்னு பார்த்தேன்.

எழுதாதீர்கள். ஜவ்வரிசி என்பது குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவை உருட்டி வறுத்தது. அதில் செல்லும் இல்லை, சவ்வும் இல்லை. மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சிப் பருக்கிறது. பாடத்தில் உள்ளீர்த்தல் என்று வரும். காய்ந்த விதை தண்ணீரில் ஊறுவதன் முதல் கட்டமும் உள்ளீர்த்தலே. சேலத்துப் பெயரைச் சொல்ல ஆசையென்றால் மாங்காயை எழுதுங்கள்.

தாவர செல் தண்ணீர்ல கிடந்தா வெடிக்காதா?

செல் சுவர் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே வர வரச் சவ்வு சுவரை அழுத்தும், சுவர் திருப்பி அழுத்தும். இந்த விறைப்பு அழுத்தம் கூடக் கூட மேலும் தண்ணீர் நுழைவது குறைந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். செடி வாடுவது விறைப்பு போனதால், நிமிர்வது அது திரும்பி வந்ததால்.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வறண்ட மாதங்களில் காபி மொட்டுகள் வளர்ச்சி நின்று கிளையோடு ஒட்டிக் கிடக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் பத்து நாள் போலத் தோட்டமே வெள்ளையாகிவிடும். மழைக்குப் பிறகு மொட்டுச் செல்களுக்குள் தண்ணீர் புகுந்து, விறைத்து, அவை வேகமாக நீள்வது அதில் பெரும் பங்கு. ஹார்மோன் மாற்றங்களும் சேர்கின்றன, எல்லாமே தண்ணீரின் வேலை என்று சொல்ல முடியாது.

தண்ணியே சவ்வைத் தாண்டும்னா அக்வாபோரின் எதுக்கு?

தாண்டும், ஆனால் மெதுவாக. சிறுநீரகத்துக்கும் சிவப்பணுவுக்கும் அந்த வேகம் போதாது. அக்வாபோரின் என்ற கால்வாய் ஒன்றின் வழியே ஒரு நொடியில் 300 கோடி அளவுக்குத் தண்ணீர் மூலக்கூறுகள் போகும். அத்தனை வேகத்திலும் ஹைட்ரஜன் அயனியை அது விடாது. இதைக் கண்டறிந்த பீட்டர் ஏகருக்கு 2003-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

தண்ணீர் குறைவாகக் குடித்த நாளில் சிறுநீர் மஞ்சளாக வருவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் சுரக்கும். சிறுநீரகக் குழாய்ச் செல்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் அக்வாபோரின்களை எடுத்துச் சவ்வில் பொருத்தும். சிறுநீராகப் போக வேண்டிய தண்ணீர் உடம்புக்குத் திரும்பிவிடும். அப்போதும் தண்ணீர் இறக்கத்தில்தான் போகிறது. கால்வாய் அதற்கு வேகம் கொடுக்கும், திசையை மாற்றாது.

எளிதாக்கப்பட்ட விரவல்ல புரதம் வேலை செய்யுதே, அப்போ ஏடிபி செலவாகணும் இல்ல?

செலவாகாது. எளிதாக்கப்பட்ட விரவல் என்பது கடத்திப் புரதத்தின் துணையோடு நடக்கும் விரவல், ஏடிபி என்பது செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம். புரதம் இருக்கிறதா என்பதை வைத்துச் செலவை முடிவு செய்யாதீர்கள், இறக்கமா ஏற்றமா என்று பாருங்கள். ரத்தத்தில் குளுக்கோஸ் அதிகம், செல்லுக்குள் குறைவு. குளுக்கோஸ் கடத்தி அதைப் பிடித்து, வடிவம் மாறி, உள்ளே விடுகிறது. இறக்கம்தான், ஏடிபி வேண்டாம். ஒரே வித்தியாசம், கடத்திகளின் எண்ணிக்கைக்கு ஒரு எல்லை உண்டு. எல்லாக் கடத்திகளும் வேலையாக இருக்கும்போது வெளியே எவ்வளவு குளுக்கோஸைக் கூட்டினாலும் வேகம் கூடாது. வரைபடத்தில் கோடு வளைந்து படுத்துவிடுவது அதனால்தான்.

சோடியம் பொட்டாசியம் பம்ப் எதுக்கு சும்மா ஒண்ணை வெளியே தள்ளி இன்னொண்ணை உள்ளே இழுக்குது? வெட்டி வேலை மாதிரி இருக்கு.

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்கு 145 மில்லிமோல் அளவு, உள்ளே 12 போல. பொட்டாசியம் நேர்மாறு: உள்ளே 140, வெளியே 4. விட்டால் இரண்டும் கசிந்து சமமாகிவிடும். பம்ப் ஓயாமல் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் 1 ஏடிபி. இரண்டுக்குமே ஏற்றம். சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு போல இதற்கே போகிறது.

வெட்டி வேலை இல்லை. இப்படி ஏற்றி வைத்த சோடியம் எந்நேரமும் உள்ளே இறங்கத் துடித்துக்கொண்டிருக்கும். நரம்பில் செய்தி ஓடுவது அந்த இறக்கத்தால். குடலில் சர்க்கரை ஏறுவதும் அந்த இறக்கத்தால், கீழே பார்ப்போம். இன்னொன்று, பம்ப் நின்றால் செல்லுக்குள் சோடியம் சேர்ந்து, பின்னாலேயே தண்ணீரும் வந்து, செல் உப்பிவிடும். நண்டின் நரம்பில் இந்தப் பம்ப்பை ஜென்ஸ் ஸ்கூ 1957-இல் கண்டறிந்தார். நோபல் வர 1997 ஆனது.

பனமரத்துப்பட்டிப் பக்கம் தோட்டம் தோட்டமாகப் பூக்கும் அரளி ஏன் விஷம் என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. அதன் நஞ்சு இந்தப் பம்ப்பைத் தடுத்து இதயத் துடிப்பைக் குலைக்கும். சின்னப் பிள்ளைகள் இலையையோ காயையோ வாயில் வைத்துவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

குச்சிக்கிழங்கு இலையைத் தின்னா ஆடு செத்துப்போகுதுங்களே டீச்சர், ஆனா செடிக்கு ஒண்ணும் ஆகலையே?

ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டது. சவ்வு ஒரு செடியைக் காப்பாற்றுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மரவள்ளிச் செல்லுக்குள் லினமாரின் என்ற பொருள் நுண்குமிழிக்குள், அதாவது செல்லின் நீர்ப்பைக்குள், அடைபட்டிருக்கிறது. அதை உடைக்கும் லினமரேஸ் நொதி வெளியே செல் சுவரில் இருக்கிறது. நடுவில் இரண்டு சவ்வுகள். செடி நன்றாக இருக்கும்வரை இரண்டும் சந்திக்காது. ஆடு மெல்லும்போது சவ்வுகள் கிழிந்து இரண்டும் கலக்கும், ஹைட்ரஜன் சயனைடு பிறக்கும்.

சயனைடு சின்ன மூலக்கூறு, மின்சுமை இல்லாதது. இரண்டாம் கேள்வியின் கணக்குப்படி எந்தச் சவ்வும் அதைத் தடுக்காது. செல்லுக்குள் போய், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவுக்குள்ளும் போய், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியை அடைத்துவிடும். ஏடிபி நிற்கும், அதை நம்பியிருக்கும் பம்ப்பும் நிற்கும். மூளையும் இதயமும் முதலில் அடிபடும். ஆடு விழுந்துவிட்டால் நிமிடக்கணக்கு. கால்நடை மருத்துவர் போடும் சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் ஊசிதான் மருந்து.

நாம் ஏன் சாவதில்லை? கிழங்கைத் தோல் உரித்து, துருவி, கழுவி, காயவைத்து, சூடாக்கும்போது சயனைடு பெரும்பாலும் ஆவியாகவும் தண்ணீரோடும் போய்விடும். சேகோ பேக்டரியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். தோலில் அது அதிகம், ஆகவே உரித்த தோலை ஆடுமாடு போகும் இடத்தில் கொட்டாதீர்கள். வீட்டில் வேகவைக்கும்போது நிறையத் தண்ணீர் வைத்து, மூடாமல் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

வயித்துப்போக்குக்கு உப்புத் தண்ணி மட்டும் கொடுத்தா போதாதா? சர்க்கரை எதுக்கு? தெம்புக்கா?

தெம்புக்கு இல்லை. சர்க்கரை இல்லாமல் உப்பு சரியாக ஏறாது, உப்பு ஏறாமல் தண்ணீர் ஏறாது. சிறுகுடல் செல்லின் சவ்வில் ஒரு கடத்தி இருக்கிறது. 2 சோடியமும் 1 குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே எடுக்கும். சோடியம் போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். ராபர்ட் கிரேன் 1960-இல் முன்வைத்த கருத்து இது. காலராவில் நஞ்சு குடலின் குளோரைடு கால்வாயைத் திறந்துவிடுவதால், உப்பும் தண்ணீரும் உள்ளிருந்து கொட்டுகின்றன. ஆனால் இந்தச் சோடியம் குளுக்கோஸ் கடத்திக்கு ஒன்றும் ஆவதில்லை. கொட்டுகிற குடலே உறிஞ்சவும் தயாராக இருக்கிறது. ஓஆர்எஸ் முழுக்க இந்த ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது.

1971-இல் வங்காளதேச அகதிகள் நிரம்பிய போங்காவ் முகாமில் காலரா பரவியபோது, டிரிப்ஸ் தீர்ந்துவிட, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் பொட்டலத்தில் லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல் இருக்கும்.

அப்போ குளுக்கோஸ் ரெண்டு ஸ்பூன் கூடப் போட்டா இன்னும் சீக்கிரம் ஏறும்தானே? கூல்டிரிங்க்ஸ், இளநீர் எல்லாம்?

கூடப் போட்டால் கெடுதல். கடத்திக்கு எல்லை உண்டு என்று முன்பே பார்த்தோம். ஏறாமல் மிஞ்சும் சர்க்கரை குடலுக்குள்ளேயே கிடந்து, உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். போக்கு அதிகமாகும். கூல்டிரிங்க்ஸில் சர்க்கரை ஏராளம், சோடியம் இல்லை என்றே சொல்லலாம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. குடிக்கலாம், ஆனால் ஓஆர்எஸ்ஸுக்கு ஈடாகாது.

பொட்டலத்தைச் சொன்ன அளவு தண்ணீரில், முழுசாக ஒரே தடவையில் கலக்குங்கள். கடை திறக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. பிள்ளை சோர்ந்து படுத்தாலோ, சிறுநீர் போகவில்லை என்றாலோ டாக்டரிடம் போகத் தாமதிக்காதீர்கள்.

குளுக்கோஸ் சோடியத்தோட போறப்ப ஏடிபி செலவாகலை. அப்புறம் ஏன் புக்ல அதையும் செயல்மிகு கடத்தல்னு போட்டிருக்கு?

நீட் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேட்பவர்கள் எல்லாம் இங்கே வந்து நிற்பார்கள். செயல்மிகு கடத்தல் என்பது ஆற்றல் செலவழித்து ஏற்றத்தில் கடத்துவது. அந்தக் கடத்தி நேரடியாக ஏடிபியைத் தொடுவதில்லை, உண்மை. ஆனால் குளுக்கோஸ் ஏற்றத்தில் போகிறது: குடலில் குறைந்துவிட்ட பிறகும், செல்லுக்குள் அதிகம் இருக்கும்போதும் உள்ளே போகிறது. அந்த ஏற்றத்துக்கான விலையைச் சோடியத்தின் இறக்கம் கொடுக்கிறது. சோடியத்துக்கு அந்த இறக்கத்தை உண்டாக்கித் தந்தது, செல்லின் மறுபக்கத்தில் ஏடிபி செலவழித்துக்கொண்டிருக்கும் பம்ப். செலவு நடந்திருக்கிறது, ரசீது வேறு இடத்தில் இருக்கிறது. அதனால்தான் இரண்டாம் நிலை செயல்மிகு கடத்தல் என்கிறார்கள். பம்ப்பை அடைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் குளுக்கோஸ் ஏறுவதும் நின்றுபோகும்.

ஏற்காட்டுக்கு மேல ஆக்சிஜன் கம்மின்னு சொல்றாங்க. அங்க இருக்கறவங்க செல் ஆக்சிஜனை பம்ப் பண்ணி எடுக்குமா?

எந்த ஊரிலும் எந்த செல்லிலும் ஆக்சிஜனுக்குப் பம்ப் கிடையாது. எப்போதும் இறக்கம்தான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 85 சதவீதம் அளவு. காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான், அழுத்தம் குறைந்ததால் சரிவு கொஞ்சம் குறைகிறது. ஹீமோகுளோபின் அந்த உயரத்தில் பெரிதாகத் தடுமாறாது.

உடம்பு செய்வதெல்லாம் சரிவைக் காப்பாற்றுவது. மூச்சு காற்றை மாற்றுகிறது, ரத்தம் ஆக்சிஜனை அள்ளிப் போகிறது, மைட்டோகாண்டிரியா அதை உடனே செலவழித்து செல்லுக்குள் எப்போதும் குறைவாகவே வைத்திருக்கிறது. உள்ளே காலியாக இருந்தால்தானே வெளியிலிருந்து வரும்?

இன்சுலின் செல்லுக்குள்ள போய் சர்க்கரையை இழுத்துட்டு வருமா? ஏன் மாத்திரையா வரலை?

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். அதற்குச் சவ்வில் கால்வாயும் இல்லை, கடத்தியும் இல்லை. கணையச் செல் அதைச் சின்னச் சவ்வுப் பைகளில் கட்டி வைத்திருக்கும். கால்சியம் உள்ளே வந்து சைகை கொடுத்ததும், அந்தப் பைகள் வெளிச்சவ்வோடு இணைந்து உள்ளிருப்பதை வெளியே கொட்டும். இத்தகைய பைகளின் போக்குவரத்தைக் கண்டறிந்ததற்காக ராத்மன், ஷெக்மன், சூட்ஹோஃப் மூவருக்கும் 2013-இல் நோபல்.

தசைக்கு வந்த இன்சுலின் செல்லின் வெளிப்பக்கத்தில் உள்ள ஏற்பியில் அமர்ந்தே வேலையை முடித்துவிடும். அந்தச் சைகையால், உள்ளே பைகளில் காத்திருக்கும் குளுக்கோஸ் கடத்திகள் மேலே வந்து சவ்வில் பொருந்தும். குளுக்கோஸ் இறக்கத்தில் உள்ளே வரும். தசையிலும் கொழுப்பிலும் நடப்பது இது. மூளையும் சிவப்பணுவும் இன்சுலினை எதிர்பார்த்து நிற்பதில்லை. விழுங்கினால் வயிறும் குடலும் இன்சுலினைச் செரித்துவிடும், தப்பிய துளியும் குடல் சவ்வைத் தாண்டாது. ஆகவே ஊசி.

எங்க அப்பாவுக்கு சுகர் குறையுற மாத்திரை மாத்தினாங்க. இப்போ யூரின்ல சர்க்கரை இருக்குன்னு ரிப்போர்ட். மாத்திரை வேலை செய்யலையா?

டாபாகிளிஃப்ளோசின் மாதிரியான மாத்திரை என்றால், அது நன்றாக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். சிறுநீரகம் ஒரு நாளில் ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி வெளியே எடுத்து, மறுபடி முழுவதையும் உள்ளே வாங்கிவிடும். குடலில் பார்த்த சோடியம் குளுக்கோஸ் கடத்தியின் தம்பி ஒருவன் அந்த வேலையில் 90 சதவீதத்தைச் செய்கிறான். மாத்திரை அவனைத் தடுக்கிறது. குளுக்கோஸின் ஒரு பகுதி சிறுநீரில் போய்விட, ரத்தத்தில் சர்க்கரை குறைகிறது. ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்ற பொருளிலிருந்துதான் இந்த மருந்து வகைக்கு வழி பிறந்தது.

சர்க்கரை போகும் இடத்துக்குத் தண்ணீரும் கூடவே போகும், எனவே அப்பா அடிக்கடி சிறுநீர் கழிப்பார், தாகம் எடுக்கும். தண்ணீரைக் குறைக்கும்படி டாக்டரே சொல்லியிருந்தால் ஒழிய, அதைக் குறைக்க வேண்டாம். சர்க்கரை கலந்த சிறுநீரால் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி, காய்ச்சல் என்று சாப்பிடாமல் கிடக்கும் நாளிலும், ஆபரேஷனுக்கு முன்னாலும் இந்த மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.